இ-ரீடரில் தமிழ் நூல்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்குவது

இ-ரீடர் மக்கர் செய்தால் பலர் நேராக ஃபேக்டரி ரீசெட்டுக்குப் போகிறார்கள். கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது. முதலில் வேறொரு நூலைத் திறந்து பாருங்கள். கடையில் வாங்கிய நூல் ஒழுங்காகத் தெரிந்து, நீங்களே ஏற்றிய நூல் மட்டும் சிதறினால் குற்றம் கோப்பில் இருக்கிறது. எந்த நூலைத் திறந்தாலும் திரையின் அதே இடத்தில் அதே குறை வந்தால் குற்றம் கருவியில். இரண்டும் இல்லாமல், எந்த நிறுவனத்தின் இ-ரீடரிலும் அப்படித்தான் இருக்கும் என்றால் அது இ-ரீடர்களில் உள்ள, காகிதம் போன்ற இ-இங்க் திரையின் சுபாவம். பழகிக்கொள்ளலாம், மாற்ற முடியாது. தமிழ் வாசகர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி முதல் வகை. அதனால் எழுத்திலிருந்தே தொடங்கலாம்.

தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்

வெறும் கட்டம், ஆங்கில எழுத்துக் குப்பை, இடம் மாறும் கொம்பு என்ற மூன்று விதமான சிதைவையும் ஒரே பெயரில் "ஃபான்ட் பிரச்சினை" என்று சொல்லிவிடுகிறோம். அவற்றுக்குக் காரணமும் வேறு, மருந்தும் வேறு. கட்டங்கள் தெரிவதுதான் இருப்பதிலேயே எளிய கோளாறு. கோப்பில் யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறை) தமிழ் சரியாக இருக்கிறது, அதை வரைய எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம், நீண்ட வாசிப்புக்கும் கண்ணை உறுத்தாது. அதன் டிடிஎஃப் கோப்பை யூஎஸ்பி வழியாகக் கருவியின் மேல்மட்டத்தில் உள்ள 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் போடுங்கள். அமேசானின் இ-ரீடரான கிண்டிலில் அந்தக் கோப்புறை ஏற்கெனவே இருக்கும். கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் இ-ரீடரில் இல்லாவிட்டால் அதே பெயரில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் உருவாக்குங்கள். சாதாரணம், தடிமன் இரண்டையும் போடுவது நல்லது. தடிமன் இல்லாவிட்டால் சாதாரண எழுத்தையே கருவி இழுத்துத் தடித்துக் காட்டும்; அப்போது ணகரச் சுழி எல்லாம் அடைந்துபோகும். பிறகு நூலைத் திறந்து, எழுத்துரு மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் மறப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்.

அதற்குப் பிறகும் கட்டம் மாறவில்லையா? நூலின் மேல்விவரத்தில் (தலைப்பு, ஆசிரியர், மொழி போன்ற குறிப்புகள்) மொழி என்ன என்று பாருங்கள். மின்னூல்களை அடுக்கவும் மாற்றவும் உதவும் இலவசக் கணினி மென்பொருளான காலிபரில் நூலைத் தேர்ந்தெடுத்து மேல்விவரத்தைத் திருத்தும் பலகையைத் திறந்தால் 'மொழி' என்ற கட்டம் இருக்கும். அது காலியாகவோ ஆங்கிலம் என்றோ கிடந்தால் தமிழ் என்று மாற்றி, நூலை மீண்டும் மாற்றி ஏற்றுங்கள். எந்த எழுத்துருக்களைக் காட்டுவது என்று கருவி இந்தக் குறிப்பைப் பார்த்து முடிவெடுக்கிறது.

ஆங்கில எழுத்துகளின் குப்பை

இது யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தின், அதாவது எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் பழைய முறையின், மிச்சம். எழுத்துருவை மாற்றித் தீர்க்கப் பார்ப்பது வீண் வேலை. எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடிக்க ஒரு பத்தியை உற்றுப் பார்த்தாலே போதும்.

அரைப்புள்ளி இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தால் பாமினி. அந்தக் குறியேற்றத்தில் மெய்யின் புள்ளி அரைப்புள்ளிக் குறியில் உட்கார்ந்திருக்கிறது. 'அம்மா' என்ற சொல் அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசையில் தெரியும். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் தட்டச்சான பழைய கோப்புகளில் இதுவே அதிகம். மாறாக, எண்களும் ஆங்கிலச் சொற்களும் அப்படியே படிக்கும்படி இருந்து, தமிழ் மட்டும் மேலே கொம்பும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். அது ஆங்கிலத்தைத் தொடாமல், 256 இடங்களில் மேல்பாதி 128-இல் தமிழை அடுக்கியது. பழந்தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்கள் அந்தக் குறியேற்றத்தில் வந்தவை. அதே நூல்கள் பிறகு யூனிகோடிலும் வந்துவிட்டதால், பழைய படியை மாற்ற மல்லுக்கட்டுவதற்கு முன் புதிய படி இருக்கிறதா என்று தேடுவது புத்திசாலித்தனம். 1999-இல் தமிழக அரசு அறிவித்த டேப், டேம் குறியேற்றங்களில் உள்ள கோப்புகளும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மாற்றுவதற்கு விண்டோஸில் என்எச்எம் கன்வெர்ட்டர் உண்டு. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பில் இந்தக் குறியேற்றங்களுக்கான மாற்றிகள் இருக்கின்றன. முழு நூலையும் ஒரேயடியாகத் தள்ளாமல் ஒரு பக்கத்தை மாற்றிப் பாருங்கள். 'ஸ்ரீ', 'க்ஷ', 'ஔ' மூன்றும் சரியாக வந்துவிட்டால் மற்றவற்றை நம்பலாம். மாற்றிய உரையை யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் சேமித்து, காலிபரில் கொடுக்கும்போதும் உள்ளீட்டுக் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் வேறு விதக் குப்பை கிடைக்கும்.

எழுத்து வருகிறது, கொம்பும் காலும் இடம் மாறுகின்றன

'கொ' என்பது யூனிகோடில் முதலில் ககரம், அடுத்து உயிர்க்குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னால் தூக்கி வைத்து, காலைப் பின்னால் போடுவது கருவியில் உள்ள எழுத்துவரை மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காதபோது ககரத்துக்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு கொம்பு தொங்கும்.

கிண்டிலில் இதைக் கண்டால் கருவியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். நூலைப் பழைய மோபி வடிவில் ஏற்றாமல் கிண்டிலின் பிந்தைய வடிவமான ஏஇசட்டபிள்யூ3 ஆக ஏற்றுங்கள். கோபோவில் பொதுவான மின்னூல் வடிவமான சாதாரண இபப் நூலை ஒரு மென்பொருளும், கோபோவின் சொந்த வடிவமான கேபப் நூலை வேறொரு மென்பொருளும் வரைகின்றன. ஒன்றில் உடைவது மற்றதில் சரியாக வரக்கூடும் என்பதால் காலிபரின் கேபப் இணைப்பைக் கொண்டு மாற்றிப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் கேஓரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருள். உலாவிகளும் லினக்ஸும் நம்பியிருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நிரலை அது பயன்படுத்துவதால் தமிழை ஒழுங்காக வரையும். கோபோவில் கேஓரீடரை நிறுவுவது எளிது. கிண்டிலில் ஜெயில்பிரேக் செய்தால்தான், அதாவது அமேசான் போட்ட மென்பொருள் பூட்டை உடைத்தால்தான் முடியும். ஒரு தமிழ் நூலுக்காக அந்த வழியில் போவது எல்லோருக்கும் தேவையில்லை.

எழுத்துருவே காரணமாக இருப்பதும் உண்டு. பழைய தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் ஓப்பன்டைப் விதிப்பட்டியல் அரைகுறையாக இருக்கும். புள்ளி மட்டும் அடுத்த எழுத்தின் தலையில் ஏறினால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

பிடிஎஃப் படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருக்கிறது

இதில் கருவியின் தவறு ஏதுமில்லை, கணக்கு அப்படி. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 6 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 9 செ.மீ. பக்கம் 43 சதவீதமாகச் சுருங்குவதால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளி ஆகிவிடுகிறது. திரையைக் குறுக்காகத் திருப்பினால் 7 புள்ளி கிடைக்கும். விளிம்பு வெள்ளையை வெட்டினால் இன்னும் கொஞ்சம் பெரிதாகும். டெமி அளவில் (ஏ4-ஐவிடச் சிறியது) அச்சான நூலின் வருடல் (ஸ்கேன்) என்றால் அந்த அளவில் தாங்கும், ஏ4 ஆய்வேடு தாங்காது.

அடுத்து எல்லோரும் செய்வது, பிடிஎஃபைக் காலிபரில் போட்டு இபப் ஆக்குவது. ஆங்கிலத்தில் ஓரளவு ஒப்பேறும், தமிழில் பெரும்பாலும் கெடும். பிடிஎஃப் எழுத்துகளைப் படிக்கும் வரிசையில் வைத்திருக்காது, வரைந்த வரிசையில் வைத்திருக்கும். அதனால் 'கெ' என்பது கொம்பு முதலில், ககரம் பின்னால் என்று வெளியே வரும். கோப்பு முழுக்க இப்படியே இருந்தால் காலிபரின் நூல் திருத்தியில் முறைத்தேடல் (ரெஜெக்ஸ்) மூலம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி மூன்றில் ஒன்றும் அதையடுத்து ஒரு மெய்யும் வரும் இடமெல்லாம் இரண்டையும் இடம் மாற்றிவிடலாம். ஒரே ஒரு தடவைதான். சரியாக இருக்கும் கோப்பில் இதைச் செய்தால் 'கெட' என்பது 'கடெ' ஆகிவிடும். முதலில் ஒரு அத்தியாயத்தை நகலெடுத்துச் செய்துபாருங்கள்.

பழைய குறியேற்றத்தில் உருவான பிடிஎஃப் என்றாலோ, வெறும் ஸ்கேன் என்றாலோ இரண்டு வழிகள். முதலாவது கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவசக் கருவி. அது பக்கத்தைப் படமாகவே எடுத்து, சொற்களுக்கு இடையில் வெட்டி, சிறிய திரைக்கு ஏற்ப மீண்டும் அடுக்கும். எழுத்து எந்த மொழி என்று அதற்குக் கவலையில்லை, தமிழுக்கு அதுவே வரம். கேஓரீடரிலும் இதே முறை உள்ளேயே இருக்கிறது. இரண்டாவது, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி (ஓசிஆர்). டெஸ்ஸராக்ட் தமிழ் படிக்கும். கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தாலும் உரை கிடைக்கும். ஆனால் ஒழுங்குபார்க்காமல் படிக்க உட்காராதீர்கள். காலும் ரகரமும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும், 'பால்' என்பது 'பரல்' ஆகும்.

ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்து நூல்களை எடுப்பவர்களுக்கு இந்தப் பாடு வேண்டாம். இபப், மோபி, ஏ4 பிடிஎஃப் ஆகியவற்றோடு 6 அங்குலத் திரைக்கென்றே ஒரு பிடிஎஃபும் அங்கே கிடைக்கும். எழுத்து எங்குமே சரியாக வராத பழைய கருவிக்கு அந்த 6 அங்குல பிடிஎஃப்தான் கைகொடுக்கும், ஏனென்றால் எழுத்துருவை அது கையோடு சுமந்து வருகிறது.

பெரிய பக்கங்களும் வரைபடங்களும் நிறைந்த பிடிஎஃப்தான் உங்கள் வாசிப்பில் பாதி என்றால், 6 அங்குல இ-ரீடர் உங்களுக்கான பொருளே இல்லை. 10 அங்குலக் கருவியோ சாதாரண டேப்லெட்டோ வாங்குங்கள்.

கோப்பை அனுப்பினேன், நூலகத்தில் காணோம்

யூஎஸ்பி வழியாக இபப் கோப்பைக் கிண்டிலின் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் போட்டால் நூலகத்தில் எதுவும் தெரியாது. கிண்டில் இபப்பை நேரடியாகத் திறப்பதில்லை. 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பினால் அமேசானின் கணினி அதை மாற்றித் தருகிறது. யூஎஸ்பிதான் வேண்டுமென்றால் காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 ஆக்கிப் போடுங்கள். கோபோவுக்கு இபப் போதும், ஆனால் பாதுகாப்பாக வெளியேற்றிய பிறகே நூல்களைக் கணக்கில் சேர்க்கும்.

மின்னஞ்சலில் அனுப்பி வரவில்லை என்றால் உங்கள் முகவரி அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சலுக்கு 50 எம்பி, இணையப் பக்கத்தின் வழியாக 200 எம்பி வரம்பு. மோபி கோப்புகளை இந்தச் சேவை இப்போது ஏற்பதில்லை.

இ999 என்ற பிழையோடு திரும்பி வந்தால் இபப்பின் உள்ளே ஏதோ பிசகு. தமிழ் நூல்களில் அடிக்கடி சிக்குவது இரண்டு: மொழிக் குறிப்பு இல்லாமை, உள்கோப்புகளில் யூடிஎஃப்-8 அறிவிப்பு இல்லாமை. காலிபரில் மொழியைத் தமிழாக்கி, இபப்பிலிருந்து இபப்புக்கே ஒரு முறை மாற்றி, புதிய கோப்பை அனுப்புங்கள். பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

கணினிக்குக் கருவியே தெரியவில்லையா? கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. 2024 கிண்டில் மாடல்கள் பென்டிரைவ் போலத் தெரியாமல், ஆண்ட்ராய்டு ஃபோன் போல எம்டிபி முறையில் இணைகின்றன. விண்டோஸில் வித்தியாசம் தெரியாது. மேக்கில் அதற்கென்று ஒரு செயலி வேண்டும்.

வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு எடுத்துவிட்டது. வைஃபை கெட்டுப்போன பழைய கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையான இழப்பு. வாங்கிய நூலின் மேல் உங்களுக்கு எவ்வளவு உரிமை என்பதை இ-ரீடர் வாங்குவதற்கு முன்பே யோசித்துவிடுவது நல்லது.

வரிகளுக்குள் ஓட்டை ஓட்டையாக இடைவெளி

'பார்த்துக்கொண்டிருந்தபோது' ஒரே சொல். 6 அங்குலத் திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அது முக்கால் வரியைத் தின்றுவிடும். இரு பக்கமும் சமன் செய்யும் அமைப்பில் மிச்சமிருக்கும் இரண்டு சொற்களை இழுத்துப் பரப்புவதால் ஓட்டை விழுகிறது. இடப்பக்கம் மட்டும் சீராக்கும் அமைப்புக்கு மாற்றுங்கள். விளிம்பைக் குறைத்து, வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள். மேலும் கீழும் நீளும் நம் எழுத்துக்கு ஆங்கிலத்தைவிட அதிகக் காற்று வேண்டும்.

இருக்கும் சொல்லைத் தேடினால் இல்லை என்கிறது

'கொ'வை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'கௌ'வில் ஔகாரக்குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டியவர்களும் உண்டு. 'ஸ்ரீ'க்கும் இரண்டு எழுத்து வரிசைகள் இருக்கின்றன. இந்த எழுத்துகள் இல்லாத துண்டைத் தேடிப் பாருங்கள்: 'கொற்றவை'க்குப் பதில் 'ற்றவை'.

அகராதி கைவிடுவதற்குக் காரணம் வேறு. 'மரத்திலிருந்து' என்ற சொல்லை அழுத்தினால் கருவி அதை அப்படியே தேடுகிறது. அகராதியில் இருப்பதோ 'மரம்'. சந்தியும் வேற்றுமையும் பிரிக்கத் தெரியாத அகராதிக்குத் தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை எட்டாது. ஆங்கில நூல் படிக்க இ-ரீடரின் அகராதி பெரும் பலம். தமிழில் அந்தப் பலத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பக்கம் திருப்ப நேரமாகிறது

ஒரு நூலில் மட்டும் என்றால், முழு நாவலும் ஒரே உள்கோப்பாகக் கிடக்கிறது என்று பொருள். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஆங்கிலத்தில் 1. அதனால் தமிழ்க் கோப்பு சீக்கிரம் பெருத்துவிடும். காலிபர் இபப் ஆக்கும்போது உள்கோப்பு 260 கேபிக்கு மேல் போனால் அதைத் துண்டுகளாக உடைக்கும். அந்த அமைப்பை அணைத்துவைத்திருந்தால் மீண்டும் இயக்கிவிடுங்கள்.

முந்தைய பக்கத்தின் நிழல்

இ-இங்க் திரையில் மின்னூட்டமுள்ள கறுப்பு, வெள்ளைத் துகள்கள் நுண்ணிய உறைகளுக்குள் மேலும் கீழும் நகர்கின்றன. வேகத்துக்காகக் கருவி சில பக்கங்களுக்கு அரைகுறையாகத் துடைத்துவிட்டு, பிறகு ஒரு முறை முழுத்திரையையும் கறுத்து வெளுக்கச் செய்கிறது. இடையில் தெரியும் மெல்லிய நிழல் நோய் ஆகாது. உறுத்தினால் கிண்டிலில் பக்கப் புதுப்பிப்பை இயக்குங்கள். கோபோவில் எத்தனை பக்கத்துக்கு ஒரு முறை என்று தேர்ந்தெடுக்கலாம். கொஞ்சம் கூடுதல் மின்சாரம் செலவாகும், சிமிட்டலும் இருக்கும்.

கலர் இ-ரீடர் வாங்கியவர்கள் திரை மங்கல் என்று சர்வீசுக்குக் கொண்டுபோக வேண்டாம். கலைடோ 3 திரையில் கறுப்பு-வெள்ளை அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளி. மேலே உள்ள வண்ண வடிகட்டி வெளிச்சத்தைத் தின்பதால் வெள்ளை சற்றுச் சாம்பலாகத்தான் இருக்கும். நாவல் மட்டும் படிப்பவருக்குக் கறுப்பு-வெள்ளையே தெளிவு.

பேட்டரி வாரக்கணக்கில் வரும் என்றார்களே

2021 கிண்டில் பேப்பர்ஒயிட் மாடலுக்குச் சொன்ன '10 வாரம்' தினமும் அரை மணி நேரம், வைஃபை அணைத்து, வெளிச்சம் 13-இல் என்ற கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 35 மணி நேர வாசிப்பு. தினம் 3 மணி நேரம் படிப்பவருக்கு 12 நாளுக்குள் தீரும். கருவியில் குறை இல்லை.

படிக்காமல் வைத்தே ஓரிரு நாளில் காலியானால்தான் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் கருவி ஏதோ ஒரு நூலை அட்டவணைப்படுத்த முடியாமல் உள்ளுக்குள் சுழன்றுகொண்டிருக்கும். நூறு நூலை ஒரே நாளில் ஏற்றினால் இரண்டு நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், பல கிண்டில் மாடல்களில் அர்த்தமில்லாத எழுத்துக்கோவையைத் தேடினால் அட்டவணையாகாத நூல்களின் பட்டியல் தெரியும். ஒரே நூல் நாள்கணக்கில் அங்கேயே நின்றால் அதுதான் குற்றவாளி. நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். காந்தம் வலுவிழந்த உறையாலும் பைக்குள் கருவி தானாக விழித்துக்கொண்டே இருக்கும்.

உறைந்து நிற்கிறது

பவர் பொத்தானை 40 விநாடி விடாமல் அழுத்துங்கள். 10 விநாடியில் விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். அசையாவிட்டால் சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் சில மணி நேரம் போட்டுவிட்டு மறுபடியும் அழுத்துங்கள். அடியோடு வற்றிய பேட்டரிக்கு உடனே உயிர் வராது.

பக்கம் தானாகத் திரும்புகிறது

வியர்வைக் கையும் ஈரத் திரையும்தான் முதல் காரணம். உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். 2011-இன் கிண்டில் டச், கோபோ டச் போன்றவற்றில் தொடுவதை உணர்வது சட்டத்தின் ஓரத்தில் ஓடும் அகச்சிவப்புக் கதிர்; மூலையில் ஒட்டிய தூசியோ முடியோ விரலாகத் தெரியும்.

வெயில், தண்ணீர்

கிண்டிலுக்கு அமேசான் சொல்லும் இயங்கு வெப்பம் 0 முதல் 35 டிகிரி. சித்திரை, வைகாசியில் நம் வீட்டுக் கூடமே அதைத் தாண்டும். நிழலில் படிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. பூட்டிய காரின் டேஷ்போர்டில் வைப்பதுதான் பேட்டரியை உப்ப வைக்கும். வெளி உறை சற்றே பிளந்தோ திரை மேலெழும்பியோ தெரிந்தால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். ஐபிஎக்ஸ்8 என்ற நீர்காப்புக் குறிக்கு கிண்டிலும் கோபோவும் சொல்லும் கணக்கு 2 மீட்டர் ஆழ நன்னீரில் 60 நிமிடம். கடல் நீரும் சோப்புத் தண்ணீரும் அந்தக் கணக்கில் இல்லை. நனைந்தால் சார்ஜ் துளை நன்றாகக் காயும்வரை கேபிள் செருக வேண்டாம்.

திரையில் நிலையான கோடு, ஒரு பகுதியில் பழைய படம் அப்படியே

மறுதொடக்கம் செய்தும் அதே இடத்தில் இருந்தால் திரை உடைந்துவிட்டது. மேலே விரிசல் தெரியாததால் பலர் நம்ப மறுப்பார்கள். உடைவது உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடி அடித்தளம். இ-இங்க் மின்சாரம் இல்லாமலே படத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தொடர்பு அறுந்த பகுதியில் கடைசியாக இருந்த படம் சிறைப்பட்டு நிற்கிறது. பையில் டிபன் பாக்ஸின் விளிம்போ சாவிக்கொத்தோ அழுத்தினாலே போதும். மென்பொருளால் இதைச் சரிசெய்ய வழியில்லை. உத்தரவாதம் முடிந்திருந்தால் திரையை மாற்றும் செலவுக்குப் பெரும்பாலும் புதிய அடிப்படை மாடலே கட்டுப்படியாகும்.

தூக்கிப் போடுவதற்கு முன் கணினியில் செருகுங்கள். கிண்டிலில் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறைக்குள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பில் நீங்கள் அடிக்கோடிட்ட எல்லாம் இருக்கும். கோபோவில் மறைந்திருக்கும் கோபோ கோப்புறையின் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்கோடு போட்டிருந்தால் அதை அடித்துத் திறந்தால்தான் கோப்புகள் தெரியும். திரையின் கீழ்ப்பாதி போய்விட்டாலும் தொடு உணர்வு வேலை செய்யக்கூடும் என்பதால் எண்கள் இருக்கும் இடத்தை நினைவில் வைத்து அழுத்திப் பாருங்கள்.